சீட் கிடைத்தது, பிள்ளை போகவில்லை

கேள்வி:

டீச்சருக்கு வணக்கம். நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. எங்கள் தெருவில் டிகிரி முடித்த முதல் பெண் நான்தான். பொங்கல் முடிந்ததும் பாதிக் குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும், மழைக்கு முன்னால்தான் திரும்பும். சென்ற மே மாதம் பிளஸ் டூ முடித்த மூன்று பிள்ளைகளுக்கு நானே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன். மூவருக்கும் இடம் கிடைத்தது. ஒரு பெண்ணுக்கு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில், கோவையில் இன்ஜினியரிங். அவள் போய்ச் சேரவே இல்லை, இப்போது ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். ஒரு பையன் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தான். தீபாவளிக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. பி.காம். சேர்ந்த பெண் மட்டும் படிக்கிறாள். இந்த ஆண்டு பதினொரு பேர் பிளஸ் டூவில் இருக்கிறார்கள். தோழிகள் சேர்ந்து 60,000 ரூபாய் வைத்திருக்கிறோம். நன்றாக மார்க் எடுக்கும் இரண்டு பேருக்கு உதவித்தொகையாகக் கொடுக்கலாமா? இல்லை, பெரிய பேச்சாளர் ஒருவரை அழைத்து நிகழ்ச்சி நடத்தலாமா? நான் எங்கே தவறினேன் என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உங்கள் இரண்டு யோசனைகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பேச்சாளர் வேண்டவே வேண்டாம். கைதட்டிவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள், வீடு காலையில் இருந்த மாதிரியே இருக்கும். மேடையில் காசோலை கொடுப்பதும் வேண்டாம். 550 மார்க் எடுக்கிற பிள்ளைக்கு உதவ நாலு பேர் தானாக வருவார்கள். 380 எடுக்கிற பிள்ளையின் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. அந்த 60,000 ரூபாய்க்கு வேறு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

எங்கே தவறினீர்கள் என்றால், விண்ணப்பத்தில் இல்லை. மூன்று போட்டு மூன்றும் கிடைத்திருக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும்? சீட் ஆர்டர் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் எழுந்தேன்.

நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தவள். உயர்கல்வி வழிகாட்டி என்றெல்லாம் பெயர் வைப்பதற்கு முன்பே அந்த வேலை என் தலையில்தான் இருந்தது. ஆகஸ்ட் பிறந்தால் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே இருக்கும் கரும்பலகையில் யார் யாருக்கு எங்கே சீட் என்று கலர் சாக்பீஸில் எழுதுவோம். வருகிறவர்கள் எல்லாம் நின்று படிப்பார்கள். ஒரு வருடம் காலாண்டு விடுமுறையில் சும்மா இருக்க முடியாமல், அந்தப் பெயர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். மூன்றாவது பெயர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்து எடுத்தது. "காலேஜா டீச்சர்? அது நான் போகலையே" என்றான், ஏதோ எனக்கு முன்பே தெரியும் என்கிற மாதிரி. அப்படி இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் பலகையை அழித்தேன்.

நம் பிள்ளைகள் மார்க் இல்லாமல் உதிர்வது ஒரு பக்கம். கையில் சீட்டை வைத்துக்கொண்டு மே மாதத்துக்கும் தீபாவளிக்கும் நடுவில் உதிர்வது இன்னொரு பக்கம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அதற்குள் எல்லோரும் பாராட்டு விழா நடத்தி முடித்திருப்பார்கள்.

கோவைப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஏன் போகவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. கட்டணம் காரணமாக இருக்க முடியாது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீதத்தில் இன்ஜினியரிங் எடுத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது, 2021-ல் இருந்து. அது அந்த வீட்டில் எல்லோருக்கும் புரிந்திருந்ததா என்பதுதான் எனக்குச் சந்தேகம். புரிந்திருந்தாலும் இன்னொரு கேள்வி நிற்கிறது: அன்றைக்கு அவளை யார் கூட்டிக்கொண்டு போவது? விழுப்புரத்தில் ரயில் ஏறிக் கோவையில் இறங்கி, பஸ் பிடித்து, அட்மிஷன் ஆபீஸில் ஆங்கிலத்தில் இருக்கும் பாரத்தைப் பார்த்து, அங்கே இருக்கிறவரிடம் தைரியமாக ஒரு கேள்வி கேட்கிற ஆள் யார்? சூளையில் இருந்து திரும்பிய அப்பாவுக்கு ஆகஸ்ட் மாதம் கையில் காசு இருக்காது, மழைக்காலம் முழுக்கக் கடன்தான். அம்மா திருக்கோவிலூரைத் தாண்டிப் போயிருக்க மாட்டார். அந்தப் பெண்ணிடம் போய் ஒருநாள் கேளுங்கள். ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள், அழுவாள். போயிருந்தால் யார் கூட வந்திருப்பார்கள் என்று கேளுங்கள்.

விருப்பப் பட்டியல் போடும்போது அவளும் நீங்களும் கோவையை மேலே போட்டிருப்பீர்கள், பெயர் பெற்ற கல்லூரி என்று. தப்பில்லை. ஆனால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. தூரத்துக் கல்லூரிக்குப் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன், என் மாணவிகள் பலர் போய்ப் படித்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அதற்கு முன்பே யாராவது வெளியூர் பார்த்தவர்கள் இருந்தார்கள். பட்டியல் போட உட்காரும்போது பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு போடாதீர்கள். அம்மா பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் சொல்லி அவர் முகத்தைப் பாருங்கள். ஆகஸ்டில் நடக்கப்போவது அந்த முகத்தில் தெரிந்துவிடும்.

பெண்ணின் அப்பா கல்யாணப் பேச்சை எடுத்தால் ஒன்று சொல்லுங்கள், எனக்குப் பல வீடுகளில் உதவியது. 1989-ல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் அவர்கள் எல்லோருக்கும் தெரியும், அத்தை, சித்தி யாராவது வாங்கியிருப்பார்கள். அந்தத் திட்டத்தைத்தான் 2022-ல் புதுமைப் பெண் என்று மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். "கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தை இப்ப படிப்புக்குக் கொடுக்கறாங்கண்ணா" என்று சொன்னால் எதிர்த்துப் பேசுகிறவரும் கொஞ்சம் யோசிப்பார். பையன்களுக்கு 2024-ல் இருந்து தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை. முதல் தவணை கைக்கு வரச் சில மாதம் ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஜூலையில் கட்ட வேண்டியதற்கு, நவம்பரில் வரும் பணத்தை நம்பி யாரும் கடன் வாங்கக் கூடாது.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 7.5 எல்லாம் வருவதற்கு முன்னால் நடந்தது. ஒரு பையனுக்குக் கலந்தாய்வில் தனியார் கல்லூரியில் இடம், வீட்டில் முதலில் டிகிரி படிக்கிறவர்களுக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் இருந்தது. அவன் அப்பாவிடம் நான், "ஒரு பைசா கிடையாது, சைபர்" என்றேன். சேரப் போன அன்று கல்லூரியில் பஸ், யூனிஃபார்ம், புத்தகம், அது இது என்று ஒரு சீட்டை நீட்டினார்கள், 9,500 ரூபாய் சொச்சம். சலுகை கல்விக் கட்டணத்துக்குத்தானே, மற்றதற்கு இல்லையே. அந்த மனிதர் சட்டைப் பையில் இருந்த காசை எண்ணிப் பார்க்கக்கூட இல்லை. சீட்டை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "சைபர்னு சொன்னீங்களே டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். பையனைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அதிலிருந்து நான் யாரிடமும் "இலவசம்" என்று சொல்வதில்லை. கல்லூரிக்கு முன்கூட்டியே போன் போட்டு, முதல் நாள் என்னென்ன கட்ட வேண்டும் என்று கேட்டு எழுதி, அந்தக் காகிதத்தைத்தான் வீட்டில் கொடுப்பேன். ஆயிரம் ரூபாய் கூடவே போட்டுச் சொல்வேன். குறைந்தால் யாரும் வருத்தப்படப் போவதில்லை.

சரி, காகிதங்களுக்கு வருவோம். உங்கள் ஊருக்கு இதுதான் முக்கியம், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் போடுவதுதான், ஒன்றுக்கு 60 ரூபாய். போட்டது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படி ஏறி வரும். பிப்ரவரியில் சீக்கிரம் வரும், மே கடைசியில் ஊரே போடுவதால் இழுக்கும். உங்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. விசாரணைக்கு விஏஓ வரச் சொல்லும்போது அப்பா சூளையில் இருப்பார். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியவர் நினைத்த நாளில் கிளம்பி வர முடியாது. முதல் பட்டதாரிச் சான்றுக்கோ வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேண்டும். ஆகவே ஊரில் எல்லோரும் இருக்கும் இந்த மார்கழியே உங்களுக்கு அட்மிஷன் மாதம். ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம் என்று இருந்தால் சூளைக்கும் ஊருக்கும் நடுவில் ஜூன் போய்விடும்.

பதினொரு பேரில் இருளர் பிள்ளை யாராவது இருந்தால் அவர்கள் காகிதத்தை முதலில் எடுங்கள். பழங்குடிச் சான்று வட்டாட்சியர் கையில் இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விசாரணை, உறவினர் சான்று என்று மாதக்கணக்கில் ஓடும். பிளஸ் டூவில் ஆரம்பிப்பதே தாமதம்தான். அதே வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் தம்பி தங்கைக்கும் இப்போதே சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

பெயர்ப் பிழை அடுத்தது. ஒரு பையனின் அப்பா பெயர் ஏழுமலை. ஆங்கிலத்தில் மார்க் ஷீட்டில் இசட்-எச் போட்டிருந்தது, ஆதாரில் எல், ரேஷன் கார்டில் முன்னால் ஒரு ஒய். மனிதர் ஒருவர்தான், கம்ப்யூட்டருக்கு மூன்று ஏழுமலை. பள்ளியில் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போதே இதைப் பிடித்தால் எளிதாகத் திருத்தலாம், மார்க் ஷீட் அச்சான பிறகு அலைச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரையும் எல்லாக் காகிதங்களோடும் வரச் சொல்லி, வரிசையாகத் தரையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். மருந்துச் சீட்டுப் படிக்கிற கண் உங்களுக்கு, இது பெரிய விஷயமே இல்லை.

எமிஸ் பதிவையும், அதாவது கல்வித் துறையின் கம்ப்யூட்டரில் இருக்கும் மாணவர் பதிவையும், பாருங்கள். சூளை இருக்கும் ஊர்ப் பள்ளியில் சில மாதம் உட்கார்ந்து படித்த பிள்ளையாக இருந்தால், ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்த ஆண்டும் விட்டுப்போகாமல் அரசுப் பள்ளி என்று பதிவாகியிருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். நடுவில் ஒரு வருடம் அரசு உதவி பெறும் பள்ளி என்றால்கூட 7.5 கிடையாது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் கணக்கில் சேரும்.

வங்கிக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. பாஸ்புக் இருந்தால் போதாது, அந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு எட்டாவது படிக்கும்போது உதவித்தொகைக்காகத் திறந்த பழைய கணக்குதான் இணைந்திருக்கும், அது செத்துக் கிடக்கும். பணம் அங்கே போய் முட்டிவிட்டுத் திரும்பும். பிள்ளை கல்லூரியில் கேட்கும், கல்லூரி "அனுப்பியாச்சு" என்னும். வங்கிக்குப் போய் எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று கேட்க பத்து நிமிடம் போதும்.

அப்புறம் போன் நம்பர். விண்ணப்பத்தில் அப்பா நம்பரைக் கொடுப்பார்கள். ஓடிபி சூளையில் அடிக்கும், அல்லது ரீசார்ஜ் தீர்ந்து எங்குமே அடிக்காது. இன்ஜினியரிங் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்தால் உறுதிசெய்ய இரண்டு நாள்தான் கொடுப்பார்கள். அந்த இரண்டு நாளில் போன் செத்திருந்தால் சீட் போச்சு. உங்கள் நம்பரையும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் நைட் டியூட்டியில் இருக்கும்போது பதினொரு பேருக்கும் ஓடிபி வந்தால் நோயாளியைப் பார்ப்பீர்களா, போனைப் பார்ப்பீர்களா? பிள்ளை பெயரிலோ அம்மா பெயரிலோ ஊரிலேயே இருக்கும் ஒரு நம்பர், செப்டம்பர் வரை உயிரோடு இருக்கட்டும். பாஸ்வேர்டைப் பிள்ளை தன் கையெழுத்தில் நோட்டில் எழுதி வைக்கட்டும்.

எந்தப் படிப்பு என்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஊரில் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். இன்ஜினியரிங் கட்-ஆஃப் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்: கணிதம் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 78, 71, 74 எடுத்தால் 150.5. பட்டியலில் கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடாமல், விரும்புவதை மேலே போட வேண்டும். கீழே இருப்பது எங்கும் ஓடிப் போகாது. 7.5-க்கு உரிய பிள்ளைக்குப் பொதுப் பிரிவிலும் இடம் காட்டலாம். கட்டணம் இல்லை என்பது 7.5-ல் எடுத்த சீட்டுக்குத்தான், அவசரத்தில் மாற்றி அழுத்திவிடக் கூடாது.

இன்ஜினியரிங் போடுகிற பிள்ளைக்கும் அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்தைச் சேர்த்தே போடுங்கள். 48 ரூபாய் விண்ணப்பம், 2 ரூபாய் பதிவு, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும். நர்சிங்கும் துணை மருத்துவப் படிப்புகளும் உங்கள் துறை, எனக்கு நீங்கள் சொல்லித் தரலாம். பிளஸ் டூ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு பாடத்தில் போனவர்கள் ஜூன், ஜூலையில் நடக்கும் துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டு சேரலாம். ரிசல்ட் அன்று மாலை அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நீங்கள் முதலில் போக வேண்டும், பாஸானவர்கள் வீட்டில் லட்டு காத்திருக்கும்.

ஜூன் மாதம் ஊருக்குள் ஏஜென்ட் வருவார். வெள்ளைச் சட்டை, கல்லூரிப் பெயர் போட்ட பை, "ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்பார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். அவர் காட்டுவது மேனேஜ்மென்ட் கோட்டா. அதற்கு 7.5-ம் கிடையாது, முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது. ஒரிஜினல் யார் கைக்கும் போகக் கூடாது என்று ஏப்ரலிலேயே எல்லா வீட்டிலும் சொல்லி வையுங்கள். கல்லூரியே ஆனாலும் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018-ல் அறிவித்திருக்கிறது.

இனி அந்தப் பையன். தீபாவளிக்கு வந்து திரும்பாத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழ் வழியில் படித்தவன் முதல் முறையாக ஆங்கிலத்தில் புரோகிராமிங் கேட்கிறான். கல்லூரியிலேயே வைக்கும் முதல் இன்டர்னல் தேர்வில் ஒற்றை இலக்க மார்க். வகுப்பில் தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைக்கிறான். உண்மையில் பக்கத்தில் இருப்பவனுக்கும் புரியவில்லை, அவன் வெளியே காட்டுவதில்லை, அவ்வளவுதான். தினம் இரண்டு பஸ் மாறிப் போகிறான். ஊருக்கு வந்த இடத்தில் கூட்டாளி ஒருவன் மொபைல் கடைச் சம்பளத்தில் பைக் வாங்கியிருக்கிறான். சோர்ந்துபோகிறவனுக்கு இது போதும்.

அவனை விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே லீவு போட்டு அவனோடு கல்லூரிக்குப் போய்த் துறைத் தலைவரைப் பாருங்கள். வருகைப்பதிவு எவ்வளவு குறைந்திருக்கிறது, பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறதா, அடுத்த செமஸ்டரில் உட்கார என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அரசுக் கல்லூரிப் பேராசிரியர்கள் பலர் இதே மாதிரி வீடுகளில் இருந்து வந்தவர்கள். நேரில் வந்து நிற்கிற பிள்ளையைப் பெரும்பாலும் துரத்துவதில்லை. அரியர் என்றால் படிப்பு முடிந்தது என்று அர்த்தமில்லை என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விடுதிக்கும் கேளுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று இருந்ததை 2025-ல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு விண்ணப்பம் தனி, காப்பாளரிடம் கேளுங்கள். கல்லூரியில் சேர்ந்தால் விடுதி தானாக வரும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு நீங்கள் போன் போட வேண்டிய நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: கல்லூரி திறந்த இரண்டாம் நாள், முதல் இன்டர்னல் முடிந்த அன்று, பரீட்சைக் கட்டணம் கட்டும் வாரம், தீபாவளி விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் முடிகிற நாள். "படிக்கிறியா?" என்று கேட்காதீர்கள், "ம்" என்பார்கள். "மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிட்டே?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் நிம்மதியாகப் போனை வைக்கலாம். பெயர் வராவிட்டால் அந்த வாரமே போய்ப் பார்க்க வேண்டும்.

பி.காம். பெண்ணைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அவள்தான் உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து. அவள் ஏன் நின்றாள் என்று கேட்டுப் பாருங்கள். அதே பஸ்ஸில் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி கூட வருவாள், அல்லது அண்ணன் ஒருவன் பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுவிடுவான் என்பது என் ஊகம். எதுவாக இருந்தாலும் அதைத்தான் மற்றவர்களுக்கும் செய்து தர வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காகிதம் பார்க்கும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் சொன்னால் அறிவுரை, அவள் சொன்னால் செய்தி. சும்மா செய்யச் சொல்லாதீர்கள், போக்குவரத்துக்கும் நேரத்துக்கும் மாதம் ஏதாவது கொடுங்கள்.

இப்போது அந்த 60,000 ரூபாய். பதினொன்றால் வகுத்தால் தலைக்கு 5,400 சொச்சம் வரும். இதை யாருக்கும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், அறிவிக்கவும் வேண்டாம். இ-சேவைக் கட்டணம், விண்ணப்பங்கள், போன் ரீசார்ஜ், சேரும் நாள் கூடப்போகும் ஆளுக்கும் சேர்த்துப் பயணச் செலவு, விடுதிக்கு வாளி, பாய், போர்வை, பூட்டு, நல்லதாக இரண்டு செட் துணி, உதவித்தொகை வரும்வரை முதல் மூன்று மாதக் கைச்செலவு. எல்லாம் சின்னச் சின்னத் தொகை. அரசு பெரிய தொகையைக் கட்டிவிடுகிறது. பிள்ளை நிற்பது 300 ரூபாய்க்கும் 700 ரூபாய்க்கும்தான். ஒரு மாணவி என்னிடம் வெகு நாள் கழித்துச் சொன்னாள், முதல் வாரம் கல்லூரிக்குப் போகாததற்குக் காரணம் செருப்பு அறுந்ததுதான் என்று. அவளுக்கு அப்போது அரசு கட்டிய படிப்புக் கட்டணம் பல ஆயிரம்.

ஒரு நோட்டுப் போட்டு, யாருக்கு எவ்வளவு என்று நீங்களும் தோழிகளில் ஒருவரும் மட்டும் எழுதுங்கள். மீந்தால் கோவை போகாத பெண்ணுக்கு வையுங்கள். இன்ஜினியரிங்குக்கு அவள் வரும் ஆண்டும் விண்ணப்பிக்கலாம். இந்த முறை பட்டியலை அவள் அம்மாவோடு உட்கார்ந்து போடுங்கள். வீட்டில் யாராவது கொத்தனார், சித்தாள் வேலை பார்த்துக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருந்தால் பிள்ளைக்குக் கல்வி உதவி உண்டு, அட்டை புதுப்பித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417-க்குக் கூப்பிடலாம். ஒரு தரத்தில் கிடைக்காவிட்டால் மறுபடி கூப்பிடுங்கள்.

பொங்கலுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. சூளைக்கு லாரி கிளம்புவதற்கு முன்னால் பதினொரு வீட்டுக்கும் ஒரு முறை போய்விடுங்கள். கையெழுத்துகளை வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஊர்ச் சூளை, மேஸ்திரி யார், அவர் நம்பர் என்ன என்பதையும் அந்த நோட்டிலேயே எழுதி வையுங்கள். மே மாதம் அப்பாவைப் பிடிக்க வேறு வழி இருக்காது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்